எரியும் ஏரியும்: வீரமாமுனிவர் கற்றுத் தந்த திருத்தம்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்கில் ஞாயிறு திருப்பலியில் பங்கேற்றோம். விசுவாசிகளின் மன்றாட்டு வேளை. பக்தியோடு தயாரித்து வந்திருந்த ஒருவர், நோயாளிகளையும், முதியோரையும், எங்கள் பாவங்களையும் மன்னித்தருள வேண்டுமென்று வேண்டினார். நாம் அனைவரும் வழக்கமான பதிலுரையைச் சொல்லி அமர்ந்துவிட்டோம். வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. நோயாளிகளை மன்னிப்பதா? நோயும் முதுமையும் பாவமா? முன்வரிசையில் அமர்ந்திருந்த வயதான தாய்மார்கள் அதைக் கேட்டு என்ன நினைத்திருப்பார்கள்?

அவர் நினைத்தது வேறு. நோயாளிகளுக்குக் குணமும், முதியோருக்கு ஆதரவும், பாவங்களுக்கு மன்னிப்பும் தர வேண்டும் என்பதே அவர் உள்ளத்தில் இருந்தது. மூன்று பேருக்கு மூன்று வேண்டுதல்கள். ஆனால் அவர் வாக்கியத்தில் இருந்தது ஒரே ஒரு வினைச்சொல். நினைத்த பொருள் ஒரு பக்கம் போக, எழுதிய பொருள் இன்னொரு பக்கம் போய்விட்டது.

அரியலூரிலும் பெரம்பலூரிலும் போட்டித் தேர்வுகளுக்குத் தயாராகும் நம் இளைஞர்களுக்கு இது புதிதல்ல. ஆங்கிலத் தாளில் வாக்கியத் திருத்தம் என்றொரு பகுதி வரும். வரிசையாக அடுக்கப்படும் சொற்கள் ஒரே வடிவில் இருக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. பேரலலிசம் என்று பெயர். அவருக்குப் படிக்கவும் எழுதவும் பாடுவதும் பிடிக்கும் என்றால் தவறு. படிப்பதும் எழுதுவதும் பாடுவதும் பிடிக்கும் என்றால் சரி. வடிவம் சரியானால் மட்டும் போதாது. எழுதியவர் கருதிய பொருள் அந்த வாக்கியத்தில் மாறாமல் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்வார்கள். இது ஆங்கிலேயர் கண்டுபிடித்த சட்டமும் அல்ல. பெயர்களை ஒரு வரிசையாகவும் அவற்றுக்குரிய வினைகளை ஒரு வரிசையாகவும் நிறுத்தி, எதற்கு எது என்று பிசகாமல் பொருள் கொள்வதை நம் இலக்கணம் நிரல்நிறை என்று அழைக்கிறது. நன்னூல் சொல்லும் எட்டுப் பொருள்கோள்களில் அதுவும் ஒன்று.

நினைத்தது நினைத்தபடியே அடுத்தவரைச் சென்றடைய வேண்டும் என்பதற்காகத் தம் வாழ்நாளையே செலவிட்ட ஒருவர், இதே அரியலூர் மண்ணில், கொள்ளிடத்தின் வடகரையில் வாழ்ந்தார். ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா திருத்தலத்துக்குத் திருப்பயணம் போகும் நம்மில் பலருக்கு அவர் பெயர் தெரியும். அவர் செய்த வேலை எவ்வளவு நுட்பமானது என்பதைத்தான் நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவர்தான் வீரமாமுனிவர்.

இத்தாலியிலிருந்து ஏலாக்குறிச்சிக்கு

1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் இத்தாலி நாட்டின் காஸ்திலியோனே என்னும் ஊரில் அவர் பிறந்தார். இளைஞர்களின் பாதுகாவலரான புனித ஞானப்பிரகாசியார் பிறந்ததும் அதே ஊர்தான். பெற்றோர் இட்ட பெயர் கொன்ஸ்தான்சோ யோசேப் பெஸ்கி. 1698-இல் இயேசு சபையில் சேர்ந்தார். குருவானதும் கீழ்த்திசை நாடுகளில் பணியாற்ற விரும்பிக் கேட்டார். 1710-இல் லிஸ்பனில் கப்பல் ஏறி அதே ஆண்டில் கோவா வந்து சேர்ந்தார். 1711-இல் மதுரை மறைப்பணித் தளத்துக்கு வந்தார்.

அந்தத் தளம் ஏற்கெனவே உழுது பண்படுத்தப்பட்டிருந்தது. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தே நொபிலி, தமிழரின் உடையிலும் உணவிலும் மொழியிலும் வாழ்ந்து காட்டியிருந்தார். 1693-இல் ஓரியூரில் புனித அருளானந்தர் இரத்தம் சிந்தியிருந்தார். பெஸ்கியும் அதே வழியில் நடந்தார். காவி உடுத்தினார், புலால் விலக்கினார், தம் பெயரைத் தைரியநாதர் என்று தமிழாக்கிக்கொண்டார். வீரமாமுனிவர் என்னும் பெயர் பின்னாளில் நிலைத்தது.

தொடக்க ஆண்டுகள் தென்பகுதியில் கழிந்தன. அங்கே குருக்கள்பட்டியில் கைதாகி, மரணத்தின் வாயில்வரை சென்று மீண்டார். பின்னர் வடக்கே வந்தார். கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கும், ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னைக்கும் ஆலயம் எழுப்பினார். ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று அழகிய பெயர் சூட்டினார். அரியலூரை ஆண்ட அரங்கப்ப மழவராயரின் ராஜபிளவை நோய் முனிவரின் மருத்துவத்தாலும் அன்னையின் அருளாலும் நீங்கியதென்றும், நன்றிக்கடனாக அரசர் ஆலயத்துக்கு நிலம் வழங்கினாரென்றும் திருத்தலத்தின் மரபு சொல்கிறது.

முப்பது வயதில் முதன்முதலாகத் தமிழைக் கேட்டவர் அவர். நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது அவருக்கு வியர்வையோடு வந்தது. அதனால்தான் நம் கண்ணில் படாத ஓர் இடர் அவர் கண்ணில் பட்டது.

புள்ளி இல்லாத ஓலை

இன்று நாம் எ என்றும் ஏ என்றும் தனித்தனியே எழுதுகிறோம். ஒ, ஓ என்பவையும் அப்படியே. பள்ளிக்குப் போகும் குழந்தைக்குக்கூட இதில் குழப்பம் இல்லை. வீரமாமுனிவர் வந்த காலத்தில் நிலைமை இப்படி இல்லை. பழைய இலக்கணத்தின்படி, குறிலாகிய எகரத்தின் மேலும் ஒகரத்தின் மேலும் புள்ளி வைக்க வேண்டும். நெடிலுக்குப் புள்ளி இல்லை. இந்த ஒரு புள்ளிதான் இரண்டுக்கும் வேறுபாடு.

ஆனால் எழுதியது ஓலையில் அல்லவா? எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி வைத்தால் ஓலை கிழிந்துவிடும். ஆகவே எழுதியவர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள். எழுதியவருக்குச் சிரமம் குறைந்தது. அந்தச் சிரமம் எங்கே போனது? படிப்பவர் தலையில் ஏறியது!

எரி என்றால் நெருப்பு. ஏரி என்றால் நீர்நிலை. புள்ளி போனபின் இரண்டும் ஒரே எழுத்தாகத் தெரிந்தன. பெய் என்பதும் பேய் என்பதும் ஒன்றாகத் தெரிந்தன. கொடி கோடியானது, கோடி கொடியானது. மேய்ப்பனின் கையிலுள்ள கோல் என்று ஒருவர் எழுதினால், அதே எழுத்துகளைக் கொல் என்றும் படிக்க இடமிருந்தது. ஆட்டைக் காக்கும் கருவியும் ஆட்டை அழிக்கும் வினையும் ஓலையில் ஒரே உருவத்தில் நின்றன.

நன்கு கற்ற புலவர்கள் முன்பின் பார்த்து, இடமறிந்து, சரியாகவே படித்தார்கள். நூல்களை மனப்பாடமாக அறிந்தவர்களுக்கு எழுத்து ஒரு நினைவூட்டல் மட்டுமே. ஆனால் புதிதாகக் கற்பவர்கள்? கிராமங்களில் மக்களுக்கு மறைக்கல்வி புகட்டிய உபதேசியார்கள்? அன்று ஒரு குருவுக்கு எத்தனையோ ஊர்கள். அவர் ஓர் ஊருக்கு வந்துபோனால் மீண்டும் வர மாதங்கள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் ஓலையைப் பிடித்து மக்களுக்கு வாசித்துக் காட்டியவர் உபதேசியாரே. அவர் ஓர் எழுத்தைப் பிழையாகப் படித்தால், ஊரே அந்தப் பிழையைத்தான் கேட்கும். திருத்துவதற்கு அருகில் ஆளில்லை.

வீரமாமுனிவர் இந்த இடரைத் தீர்க்க முனைந்தார். பழிச்சொல் பேசாமல், பெரிய புரட்சியும் செய்யாமல், எழுத்தின் உருவத்தில் சிறு மாற்றம் செய்தார். நெடில் ஏகாரத்தைக் கீழே இழுத்தும், ஓகாரத்தைச் சுழித்தும் வேறுபடுத்தும் முறையைக் கொண்டுவந்தார். கெ, கொ போன்ற குறில்களுக்கு ஒற்றைக் கொம்பு, கே, கோ போன்ற நெடில்களுக்கு மேலே சுழித்த இரட்டைக் கொம்பு என்று வகுத்தார். புள்ளி வைக்காமலே, ஓலையைக் கிழிக்காமலே, எது குறில் எது நெடில் என்று கண்ணுக்குத் தெரிந்தது.

எல்லோரும் உடனே இதை ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, 19-ஆம் நூற்றாண்டில் அச்சுப் புத்தகங்கள் பரவியபோதுதான் இந்த முறை எங்கும் நிலைபெற்றது. இன்று உங்கள் கையிலுள்ள திருவிவிலியத்தைத் திறந்து பாருங்கள். எந்தப் பக்கத்திலும் ஓர் இரட்டைக் கொம்பாவது இருக்கும். எந்த மதத்தவர் எந்தத் தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தாலும் இருக்கும்.

கற்போருக்காக எழுதியவர்

எழுத்தோடு அவர் நின்றுவிடவில்லை. எழுத்து தெளிந்தால் சொல் தெளிய வேண்டும். சொல் தெளிந்தால் வாக்கியம் தெளிய வேண்டும். உபதேசியார்களுக்காக 1727-இல் வேதியர் ஒழுக்கம் எழுதினார். 1728-இல் வேத விளக்கம் வந்தது. பெரும்பாலும் செய்யுளிலேயே பெரிய செய்திகளைச் சொல்லப் பழகியிருந்த காலத்தில், நீண்ட செய்திகளை உரைநடையில் எழுதிக் காட்டினார்.

மக்கள் நாவில் வழங்கும் தமிழுக்கு லத்தீனில் தனியாக ஓர் இலக்கணம் செய்தார். செந்தமிழுக்கும் லத்தீனில் வேறோர் இலக்கணம் செய்தார். தமிழறிந்தோருக்காக எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்தையும் தமிழிலேயே தொன்னூல் விளக்கம் என்ற ஒரே நூலில் அடக்கினார். வீட்டில் பேசுவதற்கு ஒரு தமிழ், ஏட்டில் எழுதுவதற்கு ஒரு தமிழ் என்றிருந்த இரண்டையும் அவர் இகழவில்லை. ஒவ்வொன்றுக்கும் அதனதன் ஒழுங்கு உண்டு என்று கண்டு, இரண்டையும் தனித்தனியே கற்பித்தார்.

1732-இல் சதுரகராதி தந்தார். அதற்கு முன் சொல்லுக்குப் பொருள் தேட வேண்டுமென்றால் நிகண்டுகளின் செய்யுள்களை மனப்பாடம் செய்திருக்க வேண்டும். மனப்பாடம் இல்லாதவனுக்குக் கதவு திறக்காது. முனிவர் சொற்களை அகர வரிசையில் அடுக்கினார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாக வைத்தார். எழுத்து தெரிந்த எவரும் தாமாகவே தேடிக் கண்டடையலாம் என்றானது. தமிழ் அகராதியின் தந்தை என்று அவரை இன்றும் போற்றுவது இதனால்தான்.

இங்கே ஒரு செய்தியை நாம் மறக்கக் கூடாது. தரங்கம்பாடியில் லுத்தரன் சபையினர் பணியாற்றி வந்தனர். அவர்களுக்கும் வீரமாமுனிவருக்கும் சமயக் கொள்கையில் கடுமையான விவாதம் நடந்தது. அவர்களை மறுத்து அவர் நூல்களே எழுதினார். ஆயினும் அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738-இல் அச்சிட்டது அதே தரங்கம்பாடி அச்சகம்தான்! கருத்தில் எதிர்த்தவர்களும் அவருடைய தெளிவை ஏற்றுக்கொண்டார்கள். தெளிவாகப் பேசுகிறவரோடு மாறுபடலாம், ஆனால் அவரைத் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டியதில்லை.

குழியில் விழுந்த குரு

எழுத்தும் இலக்கணமும் சரியானால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது என்பதும் முனிவருக்குத் தெரிந்திருந்தது. அதற்குச் சான்று பரமார்த்த குரு கதை. தமிழ் கற்க வரும் புதியவர்களுக்குப் பயிற்சியாக அவர் எழுதிய நகைச்சுவை நூல் அது. 1822-இல் பெஞ்சமின் பாபிங்டன் அதை ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சிட்டார்.

மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று குருவுக்கு ஐந்து சீடர்கள். குதிரைமேல் போகும் குருவின் தலைப்பாகை மரக்கிளையில் மாட்டிக் கீழே விழுகிறது. எடுக்கச் சொல்லவில்லையே என்று சீடர்கள் சும்மா வருகிறார்கள். விழுவதையெல்லாம் எடுக்க வேண்டும் என்று குரு கட்டளையிடுகிறார். குதிரை சாணம் போடுகிறது. அதையும் பயபக்தியோடு எடுத்துக்கொள்கிறார்கள்! அப்படியானால் எதை எடுப்பது, எதை விடுவது என்று எழுதித் தரும்படி கேட்கிறார்கள். குருவும் ஓலையில் பட்டியல் எழுதித் தருகிறார். பிறகு குருவே குதிரையிலிருந்து தவறிக் குழியில் விழுகிறார். சீடர்கள் ஓலையைப் பிரித்துப் பார்க்கிறார்கள். தலைப்பாகை இருக்கிறது, வேட்டி இருக்கிறது, அவற்றையெல்லாம் எடுத்துக்கொள்கிறார்கள். குருவின் பெயர் பட்டியலில் இல்லை. ஆகவே அவரைக் குழியிலேயே விட்டுவிடுகிறார்கள். கடைசியில், குழியில் கிடந்தபடியே தம்மையும் தூக்க வேண்டும் என்று குரு எழுதிக் கொடுத்த பிறகுதான் தூக்கிவிடுகிறார்கள்.

சிறு வயதில் இந்தக் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தோம். இப்போது சிரிப்போடு சற்றே அச்சமும் வருகிறது. சீடர்கள் ஒரு விதியையும் மீறவில்லை. எழுதியதை எழுதியபடியே கடைப்பிடித்தார்கள். ஆனால் எழுதியவர் எதற்காக எழுதினார் என்று ஒரு நொடியும் எண்ணவில்லை. சொல்லைக் காப்பாற்றினார்கள், ஆளைக் குழியில் விட்டார்கள். புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் எழுத்தையும் ஆவியையும் வேறுபடுத்திச் சொல்வது இங்கே நம் நினைவுக்கு வருகிறது.

ஆக, முனிவரின் பாடத்தில் இரண்டு பக்கங்கள் உண்டு. எழுதுபவர், படிப்பவரை ஊகிக்க வைக்கக் கூடாது. படிப்பவர், எழுதியவரின் கருத்தைத் தேடாமல் இருக்கக் கூடாது. ஒன்று நாவுக்கு ஒழுக்கம், மற்றது செவிக்கு ஒழுக்கம்.

வாடாத மாலை

இவ்வளவு தெளிவை விரும்பியவர் கவிதை எழுதினால் எப்படி இருக்கும்? 1726-இல் நிறைவுற்ற தேம்பாவணியைப் பாருங்கள். மூன்று காண்டங்கள், 36 படலங்கள், 3615 பாடல்கள். காப்பியத் தலைவர் புனித யோசேப்பு. நற்செய்தி நூல்களில் அவர் பேசியதாக ஒரு சொல்லும் இல்லை என்பது நமக்குத் தெரியும். பேசாத அந்த நீதிமானுக்காக ஓர் அயல்நாட்டுக் குரு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைத் தமிழில் பாடினார்!

நூலின் பெயரிலேயே ஓர் அழகு இருக்கிறது. தேம்பா அணி என்று பிரித்தால் வாடாத மாலை. தேம் பா அணி என்று பிரித்தால் தேன்போன்ற பாக்களால் ஆன மாலை. ஒரே சொல்லுக்கு இரு பொருள். எரி, ஏரி குழப்பத்தை நீக்கிய அதே கை, இங்கே வேண்டுமென்றே இரு பொருளை வைக்கிறது. இதில் முரண்பாடு இல்லை. கவனக்குறைவால் வரும் இரு பொருள் படிப்பவரைத் தடுமாற வைக்கும். அன்போடு வைக்கும் இரு பொருள் படிப்பவருக்கு இரட்டை விருந்தாகும். முதல் வகையைத் திருத்தினார், இரண்டாம் வகையைப் படைத்தார்.

திருக்காவலூர்க் கலம்பகம் பாடி நம் ஏலாக்குறிச்சியை இலக்கியத்தில் நிலைநிறுத்தினார். எளிய மக்கள் பாடி மகிழக் கித்தேரியம்மாள் அம்மானை தந்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தார். ஐரோப்பாவின் செய்தியைத் தமிழருக்குச் சொல்ல வந்தவர், தமிழரின் செய்தியை ஐரோப்பாவுக்கும் சொன்னார்.

1747-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் கேரளத்தின் அம்பலக்காட்டில் அவர் இறைவனடி சேர்ந்தார். அப்போது வயது 66. இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி 1968-இல் சென்னை மெரினா கடற்கரையில் தமிழறிஞர்களின் சிலைகள் எழுந்தபோது, அவற்றில் வீரமாமுனிவருக்கும் ஓர் இடம் கிடைத்தது. தமிழ் எழுத்தின் திருத்தமும் அவரோடு முடியவில்லை. 1978-இல் தமிழ்நாடு அரசு னை, லை போன்ற எழுத்துகளின் உருவைச் சீராக்கியபோது, கற்பவரின் சுமையைக் குறைக்கும் அதே எண்ணம் தொடர்ந்தது.

நம் கையிலுள்ள ஓலை

அன்புக்குரியவர்களே! இன்று நம் கையில் ஓலை இல்லை, கைப்பேசி இருக்கிறது. புள்ளி வைத்தால் எதுவும் கிழியாது. ஆனாலும் அவசரத்தில் புள்ளியை விட்டுவிடுகிறோம். பங்கு அறிவிப்புப் பலகையில், திருமண அழைப்பிதழில், வாட்ஸ்அப் செய்தியில், மன்றாட்டில் அரைகுறையாக எழுதிவிட்டு, அவர்களே புரிந்துகொள்வார்கள் என்கிறோம். நாம் மிச்சப்படுத்தும் ஒரு நிமிடச் சிரமம், படிக்கும் நூறு பேரின் தலையில் ஏறுகிறது. சில நேரங்களில் அது ஒருவரின் மனத்தையே புண்படுத்திவிடுகிறது. அன்றைய மன்றாட்டில், மன்னிக்கப்பட வேண்டியவர்களின் வரிசையில் நிறுத்தப்பட்ட அந்த வயதான தாய்மார்களை நினைத்துக்கொள்வோம்.

அதே வேளையில், ஒருவர் தடுமாறிச் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு சண்டைக்குப் போவதும் நம்மிடையே உண்டு. அவர் சொன்னது இதுதான் என்று சாதிக்கிறோம். அவர் நினைத்தது என்னவென்று கேட்பதில்லை. அப்போது நாம் ஓலையைப் பார்த்துக்கொண்டு குழியருகே நிற்கும் சீடர்களாகிவிடுகிறோம்.

எனவே இந்த வாரம் இரண்டு சிறு முயற்சிகள் செய்வோம். மன்றாட்டோ அறிவிப்போ எழுதினால், வீட்டிலுள்ள ஒருவருக்கு உரக்க வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேட்போம். வரிசையாக அடுக்கியவை ஒவ்வொன்றும் தமக்குரிய வினையோடு சேர்கின்றனவா என்று பார்த்துத் திருத்துவோம். அடுத்து, யாரோ சொன்ன சொல் நம்மைச் சுட்டால், கோபப்படுவதற்கு முன் அவரிடமே போய், என்ன கருதிச் சொன்னீர்கள் என்று அன்போடு கேட்போம்.

அடுத்த முறை ஏலாக்குறிச்சிக்குப் போகும்போது, அடைக்கல அன்னையின் முன் மெழுகுதிரி ஏற்றிவிட்டு, ஒரு நிமிடம் இந்த முனிவரையும் நினைப்போம். அரியலூர் வட்டாரத்தில் ஏரிகளுக்குக் குறைவில்லை. வழியில் ஏதேனும் ஓர் ஏரியின் பெயர்ப்பலகை கண்ணில் பட்டால், அந்த முதல் எழுத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். கீழே இழுத்த அந்தச் சிறு கோடு, இனி வருபவர் தடுமாறக் கூடாது என்று ஒருவர் பட்ட அக்கறையின் அடையாளம். நம் சொல்லிலும் அந்த அக்கறை இருக்க, சொல்லாக வந்து மனிதரான இறைவன் நமக்கு அருள்புரிவாராக!